பேரனின் வேகப்படகும் பெரம்பூர் ரயில்பெட்டியும்

தலைப்பைப் பார்த்ததும், "முப்பத்தாறு வருஷம் ரயில்பெட்டியைத் தட்டிப் பார்த்த மனுஷனுக்குப் படகில் என்ன வேலை?" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சென்ற ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டு பால்கனியில் நடந்துகொண்டிருப்பது படகு வேலைதான். கரையில் நின்றபடி ரேடியோ பெட்டியால் ஓட்டும் பந்தயப் படகு. நீளம் 70 செ.மீ. அதன் உடலை உடையாமல் வலுப்படுத்துவது எப்படி, அப்படி வலுப்படுத்தும்போது அதன் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். தில்லியில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது பிள்ளைகள் இந்த மாதிரிப் பொருள்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். முதல் முறை உடைந்ததும் பரணில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடாமல் இருக்க வழி உண்டு.

ரயில்வேக்காரனுக்குப் படகில் வேலை உண்டு என்பதற்கு முதலில் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1810-இல் பிறந்தவர். புரூனெல் என்ற பெரிய பொறியாளரின் கீழ் பிரிஸ்டல் – எக்ஸெட்டர் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் வண்டி நுழையும்போது குலுங்காமல் இருக்க, வளைவைச் சிறிது சிறிதாகத் தொடங்கவேண்டும் அல்லவா? அந்த முறையை வகுத்தவர்களில் அவர் ஒருவர். அதே மனிதர் பிற்காலத்தில் கப்பல் பக்கம் திரும்பினார். 1872-இல் டார்கீ என்ற ஊரில் தன் வீட்டருகே நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் சிறு கப்பல்களைச் செய்து, அவற்றைத் தொட்டியில் இழுத்துப் பார்த்தார். சிறிய படகின் ஓட்டத்திலிருந்து பெரிய கப்பலின் ஓட்டத்தைக் கணக்கிடும் விதியைக் கொடுத்தவர் அவர்தான். இன்று விசாகப்பட்டினத்தில் நம் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் இழுவைத் தொட்டியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

ஃப்ரூடின் விதியை நம் வீட்டுக் கணக்காகச் சொல்கிறேன். படகின் நீளம் பத்து மடங்கானால், அதற்கு நிகரான வேகம் பத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் 3.16 மடங்கு ஆகும். என் பேரனின் 70 செ.மீ. படகு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால், அது 7 மீட்டர் நீளமுள்ள நிஜப் படகு மணிக்கு 126 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்குச் சமம். கரையில் நின்று பார்க்கிற நமக்கு அது ஒரு விளையாட்டுப் பொருள். தண்ணீரைப் பொறுத்தவரை அது ராஜதானி எக்ஸ்பிரஸ்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பேரனுக்கு வயது பதினான்கு. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த பணத்தை இரண்டு வருஷம் சேர்த்து அந்தப் படகை வாங்கினான். ஃபைபர் கிளாஸ் உடல். பார்வைக்குக் கண்ணாடி போல் பளபளப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குடியிருப்புப் பூங்காவின் குளத்தில் அனுமதி வாங்கி ஓட்டினோம். மூன்றாவது சுற்றில் முழு வேகம் கொடுத்தான். தானே கிளப்பிய அலையின் மேல் படகு குதித்து, தட்டென்று விழுந்தது. நின்றது. பின்பக்கம் தாழ்ந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் படகு நீருக்குள் போய்விட்டது.

அதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. பையன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு தண்ணீருக்குள் வைத்துவிட்டான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அந்தக் குளத்தின் ஆழம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடியில் சேறு. அவனுக்கு நீச்சல் அரைகுறை. வீட்டில் யாரிடமும் இதை இரண்டு நாள் சொல்லவில்லை. படகு மிதக்கவேண்டும் என்பதற்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். மறுநாள் தோட்டக்காரர் நீள மூங்கிலில் கொக்கி கட்டிப் படகை எடுத்துக் கொடுத்தார்.

பார்த்தால் மூன்று இடங்களில் பழுது. பின்பக்கத்துத் தட்டைப் பலகை, டிரான்சம் என்பார்கள், அதில் சுக்கானைப் பிடித்திருந்த திருகாணித் துளைகளிலிருந்து நட்சத்திரம் போல் விரிசல். அடிப்பாகத்தில், உள்ளே இருந்த குறுக்குப் பலகையை ஒட்டி, கத்தியால் கீறியது போல் நேர் விரிசல். மோட்டார் தாங்கி ஒருபக்கம் பிய்ந்திருந்தது.

நான் செய்த முதல் தவறு

"இவ்வளவுதானே, கெட்டியாக்கிவிட்டால் போச்சு" என்று நினைத்தேன். என் தங்கை வீடு கடலூர் பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையெல்லாம் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அந்தப் பட்டறைகளில் வேலை நடப்பதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். கண்ணாடி இழைகளைத் துண்டுதுண்டாக வெட்டிப் பரப்பிய 'மேட்' என்ற பாயை வைப்பார்கள்; பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி உருளையால் அழுத்துவார்கள்; மறுபடி பாய், மறுபடி ரெசின். அந்தப் படகுகள் அலையோடு வந்து மணலில் மோதவேண்டியவை. பலபேர் கூடி இழுத்து ஏற்றுபவை. அவற்றுக்குக் கெட்டியும் கனமும் தேவை. அதே வைத்தியத்தை நான் 70 செ.மீ. குழந்தைக்குச் செய்தேன்.

திலக் பஜாரின் ரசாயனக் கடைகளில் பாயும் ரெசினும் வாங்கி வந்தேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய். படகின் உட்பரப்பு முழுவதும் சேர்த்தால் கால் சதுர மீட்டர். அப்படியானால் ஒரு அடுக்குப் பாய் சுமார் 112 கிராம். ஆனால் இந்தப் பாய் தன் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும். ஆக, ஒரு அடுக்குக்கு 370 கிராம் வரை வந்துவிடுகிறது. நான் இரண்டு அடுக்கு போட்டேன். பாட்டரி உட்பட 1,450 கிராம் இருந்த படகு 2,200 கிராம் ஆயிற்று. இந்தக் கணக்கைப் போடாமலே வேலையை ஆரம்பித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

குளத்தில் விட்டால் படகு எருமை மாடு போல் நீந்தியது. இதற்குக் காரணம் உண்டு. எந்தப் படகும் மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது; அப்போது தன் நீளத்துக்கு ஒரு அலையை எழுப்புகிறது. 70 செ.மீ. படகுக்கு அந்த வேகம் மணிக்கு 4 கி.மீ. கூட இல்லை. அதற்கு மேல் போகவேண்டுமென்றால், தான் எழுப்பிய அலை மேட்டின்மீது ஏறி, தண்ணீரின் மேற்பரப்பில் சறுக்கவேண்டும். தட்டைக்கல்லைக் குளத்தில் வீசினால் தத்திச் செல்கிறதே, ஏறக்குறைய அதுபோல. கனமான படகால் அந்த மேட்டை ஏறவே முடிவதில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, மோட்டாரைச் சூடாக்கிக்கொண்டு உழுகிறது.

ஆனால் அதிர்ஷ்டம் ஒன்று இருந்தது. அவசரத்தில் நான் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. இறுகிப்போன பழைய பரப்பில் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். முற்றிய தேங்காயில் பருப்பு கழல்வது போல், என் இரண்டு அடுக்கும் ஒரே துண்டாகக் கழன்று வந்தன. அந்தத் துண்டைப் பேரன் இன்னும் வைத்திருக்கிறான். என்னைக் கேலி செய்ய வேண்டும்போது எடுத்துக் காட்டுகிறான்.

தீப்பெட்டிச் சோதனை

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, பெரம்பூரில் பயிற்சிக்காலத்தில் எங்கள் ஆசிரியர் செய்துகாட்டிய சோதனை நினைவுக்கு வந்தது. வீட்டில் நீங்களும் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். தீப்பெட்டியின் உள்பெட்டியை மட்டும் எடுத்து இரண்டு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். வெற்றிலை போல் மடங்கும். அதையே மேலுறைக்குள் செருகி முறுக்குங்கள். அசையாது. அட்டையின் கெட்டி மாறவில்லை. ஆனால் திறந்த தொட்டி, மூடிய குழாயாக மாறிவிட்டது.

சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்த ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையின் கதையே இதுதான். அதற்கு முன்பு இருந்த பெட்டிகளில், கனத்த இரும்புச் சட்டம் ஒன்று கீழே; அதன்மேல் மரத்தால் ஒரு வீடு. பாரம் முழுவதையும் சுமந்தது சட்டம்தான். மேலே இருந்த மரவீடு வெறும் பயணி. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டிக்குள் இன்னொன்று புகுந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகர நிறுவனத்தின் உதவியோடு பெரம்பூரில் செய்த பெட்டியில், தரை, பக்கச் சுவர், கூரை, முனைச் சுவர் எல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே குழாயாகப் பாரத்தைத் தாங்கின. தோலே எலும்பும் ஆயிற்று. அதன் தரைத் தகட்டை அலை அலையாக மடித்து வைத்திருப்பார்கள். தகடு மெல்லியதுதான், மடிப்புதான் அதற்கு விறைப்பு. அந்த வகைப் பெட்டி 2018 வரை அங்கே தயாராயிற்று.

இன்னொரு சோதனை. இரும்பு ஸ்கேல் ஒன்றைப் படுக்கையாக வைத்து வளைத்துப் பாருங்கள், விரலாலேயே வளையும். செங்குத்தாக நிறுத்தி வளைத்துப் பாருங்கள். ரயில் தண்டவாளம் தலையும் பாதமுமாக, நடுவில் மெலிந்து உயரமாக இருப்பது இதனால்தான். வளைக்கும் திசையில் ஒரு தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே எடையைக் கூட்டாமல் கனத்தை மட்டும் கூட்ட முடிந்தால் அதுவே கெட்டிக்காரத்தனம்: இரண்டு மெல்லிய தோல், நடுவில் இலேசான நுரைப் பலகை.

இனிப் படகுக்கு வருவோம். தண்ணீர் நேராக வந்து அறையும்போது உண்டாகும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 600 கிராமுக்குச் சற்று மேல். ஒரு தீப்பெட்டியின் படம் ஒட்டிய பக்கத்தளவு இடத்தில் அது 10 கிலோ. வேகத்தைப் பாதியாக்கினால் அதுவே இரண்டரை கிலோதான். அடிப்பாகம் முழுவதும் எப்போதும் இந்த அடி விழுவதில்லை. சறுக்கும்போது தண்ணீரைத் தொடும் பின்பாதியிலும், குதித்து விழும்போது அதற்குச் சற்று முன்னாலும்தான் விழுகிறது. மூக்கின் மேல்பகுதியைக் கெட்டியாக்குவது வீண் சுமை. எங்கே அடி விழுகிறது, அது எந்த வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, அந்த வழியில் மட்டும் வலுக் கொடுத்தால் போதும்.

வேலை செய்யும் முறை

ரெசினில் இரண்டு வகை. பாலியெஸ்டர் விலை மலிவு. ஆனால் வாடை அதிகம், பழைய பரப்பில் பிடிப்புக் குறைவு. பழுதுபார்க்கவும் வலுவூட்டவும் எபாக்சிதான் ஏற்றது. நாம் வீட்டில் பயன்படுத்தும் அரால்டைட்டின் குடும்பம்தான் அது. ஆனால் துணியில் ஊறும் அளவுக்கு நீர்த்த வகையைக் கேட்டு வாங்கவேண்டும். மேட் என்ற அந்தப் பாயை எபாக்சியோடு சேர்க்கவேண்டாம். பாயின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரைவது போல் எபாக்சியில் கரையாது. நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை போதும். இது ஏறக்குறைய தன் எடை அளவுக்குத்தான் ரெசின் குடிக்கும்.

முதலில் உட்புறத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு 80-ஆம் எண் உப்புத்தாளால், பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, மறுபடி துடையுங்கள். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். பேரனிடம் இதை ஒப்படைத்தபோது, "தாத்தா, எப்ப ஒட்டப்போறோம்?" என்று அரைமணிக்கு ஒருமுறை கேட்டான். கழன்று வந்த அந்தத் துண்டை இந்த முறை நான் எடுத்துக் காட்டினேன்.

ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் எழுதியிருக்கும் விகிதப்படி, சமையலறை எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டுக் கலக்கவும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். தில்லி வானிலையும் இதில் ஒரு கூட்டாளி. மே மாதத்தில், கலந்த கிண்ணம் பத்து நிமிஷத்தில் கையைச் சுட்டுப் புகையும். ஆகவே காலை ஐந்தரை மணிக்குச் சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளவேண்டும். ஜனவரிக் குளிரில் இரண்டு நாளானாலும் இறுகாது. ஒரு அட்டைப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை, எதிலும் படாமல், எரியவிட்டு அதற்குள் வைத்தோம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டோம். மழைக்காலத்தில் இறுகிய பரப்பின்மேல் மெழுகு போல ஒரு படலம் படியும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த அடுக்கை வைத்தால் ஒட்டாது.

இப்போது டிரான்சம். திருப்பத்தில் சுக்கான் முழு வேகத்தில் தண்ணீரைத் தள்ளும்போது, அதன் மறுதாக்கம் கடப்பாரையால் நெம்புவது போல் இந்தப் பலகையில் இறங்குகிறது. உட்புறம் முழுவதும் 3 மி.மீ. நல்ல பிளைவுட் ஒன்றை வெட்டிப் பொருத்தினோம். அதன் மேல் ஒரு அடுக்குத் துணி, அடிப்பாகத்திலும் பக்கங்களிலும் 3 செ.மீ. ஏறும்படி. துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டவாள இணைப்பில் ஃபிஷ் பிளேட் போல்ட் துளையிலிருந்து நட்சத்திர விரிசல் கிளம்புவது எங்கள் தண்டவாளப் பிரிவு நண்பர்களுக்குப் பழைய தலைவலி. துளையின் கூரிய விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுவது அதற்கு ஒரு வைத்தியம். இங்கேயும் அதேதான். துளையைப் பெரிதாகப் போட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். பலகையின் நார் தண்ணீரையே பார்க்காது, உளுக்காது. விளிம்பைச் சீவி, உட்புறம் அகலமான வாஷர் போடவும்.

அடுத்து அந்த நேர்க்கோட்டு விரிசல். மரக்கலத்தின் விலா எலும்புகளை வங்கு என்பார்கள். இந்தப் படகைச் செய்தவர்கள் குறுக்கு வங்கை அடித்தோலின் மேல் நேராகக் குத்திட்டு நிறுத்தியிருந்தார்கள். தோல் இரண்டு பக்கமும் வளைகிறது, வங்கு இருக்கும் கோட்டில் மட்டும் வளைய முடியவில்லை, அங்கேயே ஒடிகிறது. தண்டவாளத்தை நேராகப் பாறைமேல் வைக்கிறோமா? ஸ்லீப்பர் கட்டை, அதன்கீழ் ஜல்லி என்று பாரத்தைப் பரப்பித்தானே இறக்குகிறோம்? ஆகவே வங்கின் அடியை 3 மி.மீ. தள்ளி வெட்டி, அந்த இடைவெளியில் மெல்லிய நுரைப்பட்டை வைத்தோம். பிறகு எபாக்சியில் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்ப் பொடியைச் சப்பாத்தி மாவுப் பதத்தில் குழைத்து, இருபக்க மூலைகளிலும் வைத்து, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் இழுத்து உருட்டினோம். மூலை கூராக இல்லாமல் குழிவாக வந்தது. அதன் மேல் 3 செ.மீ. அகலத் துணிப்பட்டை. வங்கின் நடுவில் பெரிய துளை போட்டுவிடலாம். ஓரங்கள்தான் வேலை செய்கின்றன.

மோட்டார் தாங்கியை அடித்தோலில் மட்டும் ஒட்டாமல், முன்வங்கிலிருந்து டிரான்சம் வரை நீளவாக்கில் ஓடும் இரண்டு விட்டங்களுக்கு இடையில் பொருத்தினோம். மோட்டாரின் முறுக்கு இப்போது உடல் முழுவதும் பரவுகிறது. விட்டம் ஒவ்வொன்றும் 6 மி.மீ. நுரைக்கட்டை, மேலே ஒரு துணிப்பட்டை. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திய கதைதான். பாலியெஸ்டர் பட்டால் தெர்மோகோல் உருகிக் கரைந்துவிடும். எபாக்சியில் அந்த ஆபத்து இல்லை.

அடிப்பாகத்தின் பின்பாதிக்கு ஒரே ஒரு அடுக்குத் துணி. இதை நேராக விரிக்காமல், இழைகள் படகின் நீளத்துக்கு 45 டிகிரி சாய்வாக வரும்படி வெட்டி வைத்தோம். முறுக்கைத் தாங்குவது சாய்ந்த இழைகள்தான். இழையோட்டம் தெரியாமல் துணி வெட்டக்கூடாது என்று தையற்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி.

கடைசியாக மேல்தளம். உள்பெட்டிக்கு மேலுறை போல, இதுதான் படகைக் குழாயாக்குகிறது. எங்கள் படகில் அது நான்கு திருகில் மட்டும் நின்றிருந்தது. சுற்றிலும் எபாக்சியும் துணிப்பட்டையும் போட்டு உடலோடு ஒன்றாக்கினோம். பாட்டரி வைக்கும் திறப்பு வேண்டுமே. அதைச் சுற்றி 1 செ.மீ. உயரத்தில் ஒரு விளிம்பு கட்டினோம். ரயில்பெட்டியில் கதவு வெட்டிய இடத்தைச் சுற்றிச் சட்டம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓட்டத்துக்கான திருத்தம் இரண்டுதான். அடிப்பாகத்தின் பின் மூன்றிலொரு பங்கில் இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. அது படகின் மூக்கை அழுத்தும். ஸ்கேல் ஊஞ்சலாடினால் புடைப்பு. படகு தத்தித் தத்திக் குதிக்கும். எங்களுடையதில் ஒரு மி.மீ.க்கும் மேல் புடைப்பு இருந்தது. அன்று அது குதித்து விழுந்ததற்குப் பாதிக் காரணம் இதுவே. எபாக்சிக் குழைவால் நிரப்பி, நேரான மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் சமப்படுத்தினோம். இரண்டாவது, டிரான்சத்தின் கீழ் விளிம்பு. அச்சிலிருந்து வரும் உடலில் அது மழுங்கியிருக்கும். தண்ணீர் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு மேலேறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். அதைக் கத்தி விளிம்பு போல் கூராக்கினால் தண்ணீர் வெட்டியது போல் பிரியும். எடைப்புள்ளி டிரான்சத்திலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருக்கும்படி பாட்டரியை நகர்த்திக்கொள்ளவும்.

மொத்தம் கூடியது 130 கிராம். முதலில் நான் போட்டது 750 கிராம் என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

மூழ்காமல் இருக்க

ஒரு லிட்டர் பருமனுள்ள நுரை தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நீச்சல் பழகுபவர்கள் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயை வெட்டி, மூக்கிலும் இரு பக்கங்களின் மேற்பகுதியிலும் திணித்தோம். 20 கிராம்தான் எடை. பிறகு குளியல் தொட்டியில், மூடியைத் திறந்து, படகு நிறையத் தண்ணீர் ஊற்றினோம். பாட்டரிக்குப் பதில் அதே எடையுள்ள கல். மூக்கும் மேல்தளமும் வெளியே தெரிய மிதந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் படகையும் குளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நடுக்குளத்தில் நின்றுபோனால் எடுக்க, தூண்டில் கயிற்றின் முனையில் ஒரு டென்னிஸ் பந்து. படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுத்தால் கயிறு படகில் சிக்கி வந்துவிடும். யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. பாலியெஸ்டருக்கு ஊற்றும் வினையூக்கி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். அதையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். பதினாறு வயதுக்குக் கீழுள்ளவர்கள் கையில் அந்தப் பாட்டிலைக் கொடுக்கவேண்டாம். கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்ப்பதோடு முகமூடியும் கட்டிக்கொள்ளவேண்டும். கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொட்டால் சிலருக்குத் தோல் வெடிக்கும். லித்தியம் பாட்டரியை ஆளில்லாத அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பாட்டரி இணைத்திருக்கும்போது புரொப்பெல்லர் பக்கம் விரல் போகக்கூடாது. ரேடியோவுக்கு உரிமம் வேண்டுமா என்று கேட்பார்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005-இலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது.

தில்லியில் ஓட்ட இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. யமுனையைப் பற்றிச் சொல்லவேண்டாம். நுரையும் ஆகாயத்தாமரையும் புரொப்பெல்லரைச் சுற்றிக்கொள்ளும். குடியிருப்புக் குளம், பண்ணைக்குட்டை என்று அனுமதி கேட்டுத்தான் ஓட்டவேண்டும். இதை முறையாகப் பயில விரும்பும் பிள்ளைகள் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவைப் பற்றிப் பள்ளியில் விசாரிக்கலாம். கடலே இல்லாத தில்லியிலும் அதற்கு அலகு உண்டு. மாதிரிக் கப்பல் கட்டுவது அவர்களுடைய பயிற்சியிலும், அகில இந்திய முகாம்களின் போட்டியிலும் ஒரு பகுதி.

எங்கள் படகு இப்போது 1,600 கிராம். சென்ற கார்த்திகையிலிருந்து பதினொரு முறை தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஒருமுறை கரைக்கல்லில் மோதி மூக்கில் பெயிண்ட் போயிற்று, விரிசல் இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் இன்னும் சற்றுச் சரிகிறது. எபாக்சி அரை கிலோவும் துணி இரண்டு மீட்டரும் மீதி இருக்கின்றன. உடைந்த படகைப் பரணில் போட்டிருப்பவர்கள் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வரலாம். எங்கள் பால்கனியில் இரண்டு பிள்ளைகளுக்கு இடமிருக்கிறது. பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.